பழைய ரதி–மன்மதன் புடைப்புச் சிற்பத்தைப் படித்தறிவது எப்படி?

கரும்பு வில்லை ஏந்திக் கிளியின் மேல் அமர்ந்திருக்கும் மன்மதனையும், அன்னத்தின் மேல் அமர்ந்து அவனை நோக்கியிருக்கும் ரதியையும் தமிழகத்துக் கோயில் தூண்களிலும் தேர்ப் பலகைகளிலும் பலர் பார்த்திருப்பார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த சிற்பத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சிற்பத்தில் உள்ள வில், நாண், அம்பு, பறவை, கொடி ஆகிய ஒவ்வொன்றும் உருவமில்லாத காதலுக்கு உருவம் கொடுப்பதற்காக வைக்கப்பட்டவை. அவற்றை வரிசையாகப் படித்து, கதையின் எந்தக் கணத்தைச் சிற்பி தேர்ந்தெடுத்துச் செதுக்கினார் என்று கண்டுபிடித்த பிறகுதான் சிற்பத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியும். இந்தக் கட்டுரை அந்தப் படிப்புக்கான வழிகாட்டி. பலகை மரத்தாலானதாக இருந்து ஒருவரின் வீட்டிலோ சேகரிப்பிலோ இருந்தால், அதன் பழமையை எப்படிச் சோதிப்பது, எப்படிப் பாதுகாப்பது என்பதையும் இதில் சொல்லியிருக்கிறேன்.

இப்படி நின்று பார்ப்பது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். பரிபாடலின் 19ஆம் பாடலில், திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காண வந்தவர்கள் இவள் ரதி, இவன் காமன் என்று ஒருவருக்கொருவர் கேட்டும் சொல்லியும் தெரிந்துகொள்ளும் காட்சி வருகிறது. அந்த ஓவியங்கள் இன்று இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை இன்றைய சிற்பத்தின் முன்னாலும் கேட்கலாம்.

முதலில் வெளிச்சம்

புடைப்புச் சிற்பத்தை நிழல்தான் காட்டிக்கொடுக்கும். நேர் எதிரே நின்று விளக்கைப் பாய்ச்சினாலோ, கேமராவின் பிளாஷைப் பயன்படுத்தினாலோ நிழல் முழுவதும் அழிந்து, பலகை தட்டையாகத் தெரியும். ஆகவே சிறிய கைவிளக்கு ஒன்றைச் சிற்பத்தின் பக்கவாட்டில், அதன் தளத்தோடு ஏறத்தாழ 15 முதல் 30 டிகிரி கோணத்தில் பிடித்து, இடது, வலது, மேல், கீழ் என நான்கு பக்கங்களிலிருந்தும் ஒளியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்து ஒளியில் காணாமல் போன நாண் மறு பக்கத்து ஒளியில் தெளிவாகத் தெரிவது உண்டு. நான்கு நிலைகளிலும் கேமராவை அசைக்காமல் ஒவ்வொரு படம் எடுத்துக்கொண்டால், பின்னர் நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோயிலுக்குள் என்றால் படமெடுக்கும் அனுமதியை முன்னதாகவே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அனுமதி இல்லாத இடத்தில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். தேய்ந்துபோன கோடுகளை எடுத்துக்காட்டுவதற்காகச் சிலர் திருநீற்றையோ சுண்ணாம்புத் தூளையோ தேய்ப்பதையும், கல்லை நனைப்பதையும் காண்கிறோம். இதை ஒருபோதும் செய்யக் கூடாது. கோடுகளின் பள்ளத்தில் தங்கும் தூள் ஈரத்தோடு சேர்ந்து இறுகிவிடும். அடுத்து வருபவருக்கு அந்தக் கோடு நிரந்தரமாக மறைந்துவிடும்.

கைகளிலிருந்து தொடங்குங்கள்

முகத்தைப் பார்த்து உருவத்தை அடையாளம் காண முயல்வது வீண் வேலை. தேய்மானம் முதலில் தாக்குவது மூக்கையும் உதடுகளையும்தான். அதற்கு மாறாக, உடலோடு ஒட்டியிருக்கும் கைகளும் அவற்றில் உள்ள பொருள்களும் ஓரளவு தப்பித்திருக்கும்.

மன்மதனின் வில் கரும்பு. எனவே அதில் கணுக்கள் இருக்க வேண்டும். நல்ல சிற்பியின் கையில் கணுக்கள் சற்றே புடைத்த வளையங்களாக, ஏறக்குறைய சமமான இடைவெளியில் அமைந்திருக்கும். சில பலகைகளில் வில்லின் நுனியில் கரும்புத் தோகை இரண்டு மூன்று இலைகளாக விரிந்து பின்பக்கம் சாய்ந்திருக்கும். கணு இல்லாமல் வழவழப்பாக இருந்து, நடுவில் பிடி சற்றே பருத்த வில் என்றால் அது ராமனுடையதாகவோ அர்ச்சுனனுடையதாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். விரல் பிடித்திருக்கும் இடத்தின் மேலும் கீழும் கூர்ந்து பார்த்தால், தேய்ந்த பலகையிலும் ஒன்றிரண்டு கணுக்களாவது தென்படும். உள்ளங்கையின் நிழல் அந்தப் பகுதியைக் காப்பாற்றியிருக்கும்.

வில்லின் நாண் வண்டுகளின் வரிசை. அதை வண்டு வண்டாகச் செதுக்குவது மிகவும் நுணுக்கமான வேலை என்பதால், பெரும்பாலும் மணிகள் கோத்ததுபோன்ற சிறு குமிழ்களாகவோ வெறும் கோடாகவோ காட்டிவிடுவார்கள். சில சிற்பங்களில் நாணே இருக்காது. நாண் இல்லாததைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இருக்கிறதா, இழுபட்டிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் கணத்தை முடிவு செய்யும்போது அது உதவும்.

அம்புகள் ஐந்து: தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம். தமிழ் மரபில் இந்த ஐந்து மலர்களும் காதல் வயப்பட்டவரின் ஐந்து நிலைகளுக்கு உரியவை. தாமரை நினைவை எழுப்பும். மாம்பூ பசலையைக் கொண்டுவரும். அசோகு உணர்வுகளை நீக்கும். முல்லை படுக்கையில் வீழ்த்தும். நீலம் உயிரையே வாங்கிவிடும். காதல் ஒரே அடியாக வீழ்த்துவதில்லை, படிப்படியாக ஆளைக் கரைக்கிறது என்ற நுட்பமான அவதானிப்பு இந்த வரிசைக்குள் இருக்கிறது. இதை ஒரு பொம்மை அம்பறாத்தூணிக்குள் அடைத்துக் காட்டிய நம் முன்னோரின் கற்பனை வியப்புக்குரியது. சிற்பத்தில் ஐந்தும் தனித்தனியாகக் காட்டப்படுவது அரிது. பொதுவாக ஒரே ஓர் அம்பு, அதன் முனையில் ஒரு மொட்டு. அந்த மொட்டு எந்த மலர் என்று பார்க்க முயலலாம்: இதழ்கள் அகன்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் தாமரை, நீண்டு கூர்த்து, மூடிய நிலையில் இருந்தால் நீலம், சிறு பூக்களின் கொத்தாக இருந்தால் மாம்பூவாகவோ அசோகாகவோ இருக்கலாம். பலகை தேய்ந்திருந்தால் இந்த முடிவை வற்புறுத்தக் கூடாது. மலர் முனை என்று மட்டும் எழுதிக்கொள்வதே நேர்மையானது.

இங்கே ஓர் எச்சரிக்கை முக்கியம். கரும்பு வில்லும் மலர் அம்புகளும் மன்மதனுக்கு மட்டும் உரியவை அல்ல. காமாட்சியும் திரிபுரசுந்தரியும் இவற்றையே ஏந்துகிறார்கள். வேறுபாட்டை மற்ற இரு கைகளில் தேட வேண்டும்: பாசமும் அங்குசமும் இருந்து, உருவம் பெண்ணாக நான்கு கைகளோடு அமர்ந்திருந்தால் அது அம்மன். மன்மதன் பெரும்பாலும் இரண்டு கைகளுடனேயே காட்டப்படுகிறான். அதேபோல், கையில் கிளி இருக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணுருவை ரதி என்று முடிவு செய்துவிடக் கூடாது. மீனாட்சிக்கும் ஆண்டாளுக்கும் கிளி உண்டு. யாரென்று பெயர் சொல்ல முடியாத அழகியர் பலருக்கும் உண்டு.

பறவையும் பரிவாரமும்

மன்மதன் ஊர்வது கிளி, ரதி ஊர்வது அன்னம் என்பது தமிழகத்தில் பெருவழக்கு. தேய்ந்த பலகையில் பறவைகளைப் பிரித்தறிய அலகையும் வாலையும் பார்க்க வேண்டும். கிளியின் மேல் அலகு கீழ்நோக்கி வளைந்து கீழ் அலகை மூடியிருக்கும். வால் ஒடுங்கி நீண்டிருக்கும். அன்னத்தின் அலகு தட்டையாக இருக்கும்; அதன் வால் பறவையின் வாலாகவே இல்லாமல், சுருள் சுருளான கொடிக்கருக்காக (கொடிபோன்ற அலங்கார வேலைப்பாடாக) விரிந்து பலகையின் வெற்றிடம் முழுவதையும் நிரப்பும். கொண்டையும் தோகைக் கண்களும் இருந்தால் அது மயில், அமர்ந்திருப்பவர் முருகன். கிளியின் வாயில் கடிவாளம் செதுக்கிய பலகைகளும் உண்டு.

பரிவாரத்தில் பலவும் சிற்பத்துக்குள் அடங்காதவை. தென்றல் அவனுடைய தேர், குயில் அவனுடைய எக்காளம், கடல் முரசு, நிலவு வெண்கொற்றக் குடை, இருள் யானை என்று கவிதை மரபு அடுக்குகிறது. தென்றலையும் இருளையும் எந்த உளியாலும் காட்ட முடியாது. மகரமீன் பொறித்த கொடியையும், தோழன் வசந்தனையும், மேலே விரிந்த குடையையும் மட்டும் தேடினால் போதும்.

இன்னொரு வகை அமைப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒன்பது பெண்களின் உடல்களைப் பின்னி யானையாகவும், ஐந்து பெண்களின் உடல்களைப் பின்னிக் குதிரையாகவும் அமைத்து, அதன் மேல் மன்மதனை அமர்த்திய சிற்பங்கள் உள்ளன. யானை வடிவத்தை நவநாரி குஞ்சரம் என்பார்கள். இதைப் படிக்கும் வழி, முதலில் தலைகளை எண்ணுவது. பிறகு ஒவ்வொரு தலைக்கும் உரிய கைகால்கள் எங்கே போகின்றன என்று விரலால் காற்றில் வரைந்து தொடர்வது. துதிக்கையாக நீள்வது ஒரு பெண்ணின் உடல், கால்களாக நிற்பவை மற்றவர்களின் உடல்கள் என்று ஒவ்வொன்றாக அவிழும். மேலே அமர்ந்திருப்பவர் கையில் கரும்பு வில்லுக்குப் பதில் குழல் இருந்தால் அது கண்ணன்.

எந்தக் கணம்?

படிப்பின் மையம் இதுதான். கதை எல்லோருக்கும் தெரிந்தது. சிவன் யோகத்தில் ஆழ்ந்திருக்கிறார், அசுரரை அழிக்க ஒரு மகன் பிறக்க வேண்டும் என்பதற்காகத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள், நெற்றிக்கண் திறக்கிறது, அவன் சாம்பலாகிறான், ரதி அழுது வேண்ட, அவளுடைய கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவனை உயிர்ப்பிக்கிறார். இந்தக் கதையின் எந்த இடத்தில் சிற்பி கையை நிறுத்தினார் என்று கேட்க வேண்டும்.

தூண்களிலும் தேர்களிலும் மிகுதியாக இருப்பது கதைக்கு முந்திய நிலை, அல்லது கதைக்கு வெளியே உள்ள நிலை. மன்மதன் வில்லைத் தளர்வாகப் பிடித்திருக்கிறான். ரதி அருகில் அல்லது எதிரில் இருக்கிறாள். எய்யப்படுபவர் யாரும் இல்லை. இங்கே அவர்கள் இல்லற இன்பத்தின் மங்கலச் சின்னங்கள். கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில், தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயில், தென்காசி காசி விசுவநாதர் கோயில், மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம் ஆகிய இடங்களில் உள்ள ரதி, மன்மதன் தூண் சிற்பங்களை இந்த நோக்கில் பார்க்கலாம். இவை பின்னணியிலிருந்து பெரிதும் விலகி, ஏறக்குறைய முழுச் சிற்பமாகவே நிற்பவை. தூண் சிற்பங்களில் இருவரும் தனித்தனித் தூண்களில் இருப்பது வழக்கம் என்பதால், ஒரு தூணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. மன்மதனைக் கண்டதும் அவன் பார்வை போகும் திசையில் திரும்பி ரதியைத் தேட வேண்டும். எதிரெதிராக அமைந்த இடங்களில், இருவருக்கும் நடுவே நடந்து செல்லும் நாமே அந்த அம்பின் பாதைக்குள் இருக்கிறோம் என்பது என் எண்ணம். தூணின் முன்னால் நின்று பார்ப்பவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாவது கணம் நாண் இழுபட்ட கணம். வில் வளைந்திருக்கும், வலது கை காதை நோக்கி மடங்கியிருக்கும், ஒரு கால் முன்னே ஊன்றியிருக்கும். இப்போது இலக்கைத் தேடுங்கள். யோகப்பட்டம் என்னும் துணிப்பட்டை முழங்கால்களைச் சுற்றியிருக்க, சடைமுடியோடு அமர்ந்த உருவம் இருந்தால் அது சிவன். அம்பு இன்னும் வில்லில் இருக்கிறதா, கையை விட்டுப் போய்விட்டதா என்பதையும் கவனிக்க வேண்டும். கதை மரபுகளே இதில் இரண்டாகப் பிரிகின்றன: ஒன்றில் அம்பு தொடுக்கப்பட்ட நிலையிலேயே கண் திறந்துவிடுகிறது, மற்றொன்றில் அம்பு பட்ட பிறகு திறக்கிறது. காதல் தெய்வத்தையும் தொட்டதா இல்லையா என்ற பெரிய கேள்விக்குச் சிற்பி கொடுத்த விடை அந்தச் சிறிய அம்பில் இருக்கிறது.

மூன்றாவது எரியும் கணம். காமதகன மூர்த்தி அல்லது காமாந்தகர் என்று சொல்லப்படும் வடிவம் இது. சிவன் பெரியவராக, அசையாமல் அமர்ந்திருப்பார்; மன்மதன் மிகச் சிறியவனாக, சாய்ந்தோ விழுந்தோ கிடப்பான்; ரதி கைகூப்பி நிற்பாள். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் இந்தக் காட்சி உண்டு. மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள திருக்குறுக்கை, சிவனின் வீரச் செயல்கள் நடந்ததாகச் சொல்லப்படும் எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களுள் காமனை எரித்த தலமாகப் போற்றப்படுகிறது. மாசி மாதத்தில் பல ஊர்களில் நடக்கும் காமன் பண்டிகையில், காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் லாவணி என்னும் வாதுப்பாட்டைப் பாடி வாதாடுவதைக் கேட்டவர்கள், இந்தச் சிற்பத்தின் முன் நிற்கும்போது அந்த வாதத்தை நினைத்துக்கொள்வது நல்லது. சிற்பத்தில் மன்மதனின் உடல் முழுமையாகத்தான் இருக்கிறது. எரிந்ததைக் காட்ட வேண்டிய இடத்திலும் சிற்பி ஓர் உடலைச் செதுக்கியே ஆக வேண்டும்.

ரதி மட்டும் கைகூப்பி வேண்டும் நான்காவது கணம் தனிப் பலகையாகக் கிடைப்பது குறைவு. பலகை உடைந்து பாதி மட்டும் எஞ்சியிருந்தால், கைகூப்பிய பெண்ணை வெறும் அடியவர் என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு. பலகையின் உடைந்த விளிம்பில் அன்னத்தின் சுருள் வாலோ கரும்பின் நுனியோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேட வேண்டும்.

மரப்பலகையின் வயதைச் சோதித்தல்

வீடுகளிலும் கடைகளிலும் காணப்படும் ரதி–மன்மதன் பலகைகளில் பெரும்பகுதி தேர்களிலிருந்து வந்தவை, அல்லது தேரிலிருந்து வந்ததாகச் சொல்லி விற்கப்படுபவை. இலுப்பை, வேங்கை, தேக்கு ஆகியவை தேருக்கு வழக்கமான மரங்கள். வெயிலும் மழையும் காற்றும் பட்டு நின்ற தேர்களில் மரம் நீண்ட காலம் நிலைக்காது என்பதால், 17ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டது என்று யாராவது உறுதியாகச் சொன்னால் எச்சரிக்கை தேவை.

முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் அழகுக்காகச் செய்யப்பட்டது, பின்பக்கம் யாரும் பார்க்கப் போவதில்லை என்று விட்டது; ஆகவே அது பொய் சொல்வது குறைவு. வாய்ச்சியாலும் உளியாலும் செதுக்கிய பலகையின் பின்புறம் சிறு சிறு ஒழுங்கற்ற பள்ளங்களாக இருக்கும். வட்ட ரம்பத்தின் வளைந்த இணைகோடுகள் தெரிந்தால் அது இயந்திரம் வந்த பிறகு அறுத்த மரம். தேரின் சட்டத்தில் பொருத்திய பலகைக்குக் கழுந்தோ (துளைக்குள் செருகும் முனையோ), ஆப்புத் துளையோ, இரும்பு ஆணியின் கருத்த கறையோ இருக்க வேண்டும். இரும்பு மரத்தைத் தொட்ட இடம் காலப்போக்கில் கருநீலமாகிச் சுற்றிலும் உதிரும். அப்படி எந்தப் பொருத்தும் இல்லாத, நான்கு விளிம்பும் ஒரே சீராக வெட்டிய பலகை, சுவரில் மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டதாக இருக்கலாம்.

அடுத்து, மரம் சுருங்கும் முறை. மரம் இழைக்குக் குறுக்கே சுருங்கும்; இழையின் நீளத்தில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. அதனால் துரப்பணத்தால் வட்டமாகத் துளைத்த பழைய ஆப்புத் துளை நாளடைவில் நீள்வட்டமாகும். காலிப்பர் கருவியால் துளையை இழையின் திசையிலும் குறுக்கேயும் அளந்தால், இழைக்குக் குறுக்கே உள்ள அளவு சற்றுக் குறைவாக இருக்கும். வெடிப்புகளும் இழையோடு செல்லும். இழையை வெட்டிக்கொண்டு குறுக்கே ஓடும் வெடிப்பு, அடித்து உண்டாக்கிய வெடிப்பு.

மூன்றாவதாக, வண்டுத் துளைகள். மரத்தைத் தின்னும் வண்டின் புழு மரத்துக்குள்ளேயே சுரங்கம் தோண்டிச் சென்று, வளர்ந்தபின் நேராக வெளியே வரும். எனவே செதுக்கிய பரப்பில் சிறு வட்டத் துளைகள் மட்டுமே தெரிய வேண்டும். மன்மதனின் தோளிலோ கன்னத்திலோ நீளவாக்கில் பிளந்த சுரங்கமே திறந்து கிடந்தால், புழு தின்றபின் அந்த மரத்தைச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய உத்தரத்தையோ கதவையோ எடுத்துப் புதிதாக வேலை செய்ததற்கு இது வலுவான சான்று. கார்பன் காலக்கணிப்பும் இங்கே துணைக்கு வராது. அது மரம் வளர்ந்த காலத்தைத்தான் சொல்லும். உளி பட்ட காலத்தைச் சொல்லாது.

நிறமும் பேசும். உண்மையான பயன்பாட்டில் கை படும் மேடுகள் வழுவழுப்பாகவும், பள்ளங்கள் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்து கருத்தும் இருக்கும். மழை அடிக்கும் பக்கம் சாம்பல் நிறமாக வெளுத்து, மென்மையான இழைகள் தேய்ந்து கடினமான இழைகள் மேடாக நிற்கும். மேடும் பள்ளமும் ஒரே கரும்பழுப்பாக இருந்தால் சாயம் பூசியிருக்கிறார்கள். பரப்பு முழுவதும் பஞ்சுபோல் இழை எழும்பி வெளிறியிருந்தால், பழைய வண்ணத்தை உரிக்க காஸ்டிக் சோடாவில் ஊற வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகை உண்மையிலேயே பழையதாக இருக்கலாம், ஆனால் அதன் மேற்பரப்பு திரும்பி வராது. வேலைப்பாட்டில் நாயக்கர் காலத்துப் பாணியின் கூரிய மூக்கு, நெருக்கமான அணிகலன்கள், விசிறிபோல் மடிந்த ஆடை முனைகள் ஆகியவற்றைத் தேடலாம். ஆனால் பாணியைப் பின்னாளில் அப்படியே பின்பற்றியவர்களும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துக் காலம் சொல்லக் கூடாது. அதே தேரின் மற்றப் பலகைகளைப் பார்க்க முடிந்தால் பெரும் உதவி. தொப்பியும் துப்பாக்கியும் வைத்த வெள்ளைக்காரர் பக்கத்துப் பலகையில் இருந்தால், காலத்தைக் கணிப்பது எளிதாகும்.

யாருடைய சொத்து?

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. 100 ஆண்டுக்குக் குறையாத பழமை கொண்ட சிற்பம் தொல்பொருளாகக் கருதப்படும். அரசு அறிவித்த வகைகளைச் சேர்ந்தவற்றைப் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவான பொருள் கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். வணிகம் செய்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். தனியார் எவரும் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. இவற்றுக்கும் மேலாக, தேர்ப் பலகை கோயிலின் சொத்து. தேரைப் புதுப்பித்தபோது கழித்தது என்று விற்பவர் சொல்வது போதாது. எந்தக் கோயில், எந்த ஆண்டு, யாருடைய அனுமதி என்பதற்கு எழுத்தில் சான்று கேட்க வேண்டும். சான்று இல்லையென்றால், எவ்வளவு அழகான பலகையானாலும் விட்டுவிடுவதே சரி. ஐயம் வலுவாக இருந்தால் தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவிடம் தெரிவிக்கலாம். தென்னிந்தியக் கோயில்களின் பழைய ஒளிப்படங்களைப் பெருமளவில் வைத்திருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பு, களவுபோன சிற்பங்களை அடையாளம் காண உதவியிருக்கிறது.

பராமரிப்பு

நேர்மையான வழியில் குடும்பத்தில் வந்த பலகை ஒன்று இருந்தால், அதற்குச் செய்ய வேண்டியது மிகக் குறைவு. மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்ட வேண்டும். நாண், விரல்கள், அலகு போன்ற மெல்லிய இடங்களை விட்டுவிட வேண்டும். ஈரத்துணி வேண்டாம். எண்ணெயும் வேண்டாம்: நல்லெண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் முதல் நாள் பளபளப்பைத் தந்தாலும், பின்னர் தூசியைப் பிடித்து இறுகிக் கருத்த மேலோடாகிவிடும். வார்னிஷ் அதைவிடக் கெடுதல். பள்ளங்களில் பழைய வண்ணத்தின் துணுக்குகள் இருந்தால் அவற்றை அழுக்கென்று சுரண்டிவிடக் கூடாது. அந்தக் கிளி ஒரு காலத்தில் பச்சையாக இருந்ததற்கு அதுவே கடைசிச் சான்றாக இருக்கலாம்.

வெயில் நேராகப் படாத, சமையலறைக்கும் குளியலறைக்கும் தொலைவான உட்சுவர் ஏற்றது. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. அதைவிட முக்கியம், அது திடீரென்று ஏறி இறங்காமல் இருப்பது. குளிர்சாதனத்தை இரவில் மட்டும் ஓட்டும் அறையில் பலகை தினமும் சுருங்கி விரியும், வெடிப்பு ஆழமாகும். சுவரோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டு மாட்டினால் காற்றும் போகும், கரையானும் எளிதில் ஏறாது. மாட்டும்போது எடையைக் கீழ்விளிம்பில் ஒரு தாங்கி ஏற்க வேண்டும்; பழைய ஆப்புத் துளைகளில் கயிறு கட்டித் தொங்கவிடக் கூடாது. பலகையின் அடியில் ஒரு கருப்புத் தாளை விரித்து வைத்து, வாரம் ஒருமுறை பார்த்தால் புதிய மரத்தூள் விழுகிறதா என்று தெரிந்துவிடும். தூள் விழுந்தால் வீட்டில் உள்ள பூச்சி மருந்தைத் தெளிக்காமல், பலகையைக் காற்றுப் புகாத பாலித்தீன் உறையில் தனிமைப்படுத்தி, அருங்காட்சியகங்களில் பணியாற்றும் பாதுகாப்பு வல்லுநரை அணுக வேண்டும். ஆக்சிஜனை அகற்றிப் புழுக்களைக் கொல்லும் முறை அவர்களிடம் உண்டு. அதில் மரத்தின் மேல் எந்த மருந்தும் படுவதில்லை.

கல் சிற்பம் என்றால் பராமரிப்பு நம் கையில் இருப்பதில்லை. கோயில் தூணில் உள்ள ரதியின் மேல் குங்குமம் பூசுவதையும் எண்ணெய் தடவுவதையும் நாம் செய்யாமலிருந்தால் போதும். மணலை வீசிக் கருங்கல்லைச் சுத்தம் செய்யும் வேலை எங்காவது தொடங்குவதைக் கண்டால், கோயில் நிர்வாகத்துக்கும் அறநிலையத் துறைக்கும் உடனே எழுத வேண்டும். கரும்பின் கணுக்களும் விரல் நகங்களும் அந்த வேகத்தில் முதலில் போய்விடும்.

பதிவு

பார்த்ததை எழுதி வைப்பதுதான் மீதமுள்ள வேலை. நீளம், அகலம், பலகையின் தடிமன், புடைப்பின் மிக உயரமான இடத்தின் அளவு ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் குறிக்கவும். உருவங்களை அவற்றின் இடது, வலதாகச் சொல்கிறோமா, பார்ப்பவரின் இடது, வலதாகச் சொல்கிறோமா என்று முதல் வரியிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாதிக் குழப்பங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. கண்ணால் கண்டதை ஒரு பத்தியாகவும், அதிலிருந்து ஊகித்ததை வேறொரு பத்தியாகவும் எழுதவும். “இடக்கையில் கணுக்கள் உள்ள வில், நாண் இல்லை, அம்பின் முனை உடைந்துள்ளது, எதிரில் இலக்கு இல்லை” என்பது கண்டது. “மன்மதன், கதைக்கு முந்திய நிலை” என்பது ஊகம். பின்னால் வேறொருவர் பலகையின் உடைந்த மறுபாதியைக் கண்டுபிடித்தால் ஊகம் மாறலாம், கண்டது மாறாது. படங்களோடு அளவுகோல் ஒன்றும் இருக்கட்டும். குறிப்பின் ஒரு படியைப் பலகையின் பின்புறம் ஒட்டாமல், ஒரு காகித உறையிலிட்டுத் தனியாக வைக்கவும்.